பச்சைப் புள்ளி எரியுது, ஆள் இல்லை: ப்ரோசோடி சர்வரில் பிரசென்ஸ் சரியாகக் காட்ட என்ன செய்யலாம்?

ஓசூர்_அட்மின்:

வணக்கம் நண்பர்களே. 68 பேர் இருக்கிற அலுவலகம். கோவையில் பாதி, ஓசூரில் பாதி. உள் அரட்டைக்கு சொந்தமா எக்ஸ்எம்பிபி (உடனடிச் செய்திக்கான திறந்த நெறிமுறை) சர்வர் ஓடுது: டெபியன் மேல ப்ரோசோடி 0.12, பிரவுசர் இணைப்புகளை வாங்கி அதுக்கு அனுப்ப என்ஜின்எக்ஸ். மேசைக் கணினியில் கஜிம், ஆண்ட்ராய்டு போனில் கான்வர்சேஷன்ஸ், மென்பொருள் போட அனுமதி இல்லாத கணினிகளில் பிரவுசர் வழியா கன்வர்ஸ். செய்தி போக வர ஒரு குறையும் இல்லை. யார் இருக்காங்க, யார் இல்லைன்னு காட்டுற பிரசென்ஸைத்தான் நம்ப முடியலை. நாலு விதமா தப்பு வருது:

முதலாவது, லேப்டாப் மூடியை மூடிட்டுக் கிளம்பினவர் பேரு 25 நிமிஷத்துல இருந்து 40 நிமிஷம் வரைக்கும் பச்சையாவே நிக்குது. லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாலும் அதே கதைதான்.

ரெண்டாவது, பிரவுசர்ல இருக்கிற 20 பேரும் சும்மா உட்கார்ந்திருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை சாம்பலாகி மறுபடி பச்சையாகுறாங்க. குழு அறை முழுக்க "வெளியேறினார்", "இணைந்தார்" வரிதான்.

மூணாவது, ராத்திரி 11 மணிக்கும் பாதிப் பேர் பச்சை.

நாலாவது, புதுசா சேர்ந்தவங்களுக்குப் பழைய ஆட்கள்ல பல பேரோட நிலையே தெரியறதில்லை. புது ஆட்கள் நிலை பழையவங்களுக்குத் தெரியுது, பழையவங்க நிலை புது ஆட்களுக்குத் தெரியலை.

ஸ்மாக்ஸ் (அறுந்த இணைப்பை விட்ட இடத்துலயிருந்து தொடர்றது), கார்பன்ஸ் (செய்தியை ஒருத்தரோட எல்லாக் கருவிக்கும் அனுப்புறது), மேம் (செய்திகளைச் சர்வர்ல சேமிக்கிறது), சிஎஸ்ஐ சிம்பிள் (சும்மா கிடக்கிற போனுக்கு அவசரமில்லாததை நிறுத்தி வைக்கிறது) மாட்யூல்கள் எல்லாம் இயக்கத்துல இருக்கு. டைம்அவுட் மதிப்பு எதையும் மாத்தலை, எல்லாம் டீஃபால்ட். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

---

கம்பிவடம்:

நான்கும் நான்கு வேறு இடங்களில் பிறக்கும் கோளாறுகள். ஒரே அமைப்பை மாற்றி நான்கையும் தீர்க்க முடியாது. முதல் இரண்டுக்கு நான் எழுதுகிறேன், போன், ரோஸ்டர் (தொடர்புப் பட்டியல்) பக்கத்தை வேறு யாராவது தொடரட்டும்.

அந்த 25 – 40 நிமிடத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். கஜிம்மை முறையாக மூடினால் அது "நான் போகிறேன்" என்று ஒரு பிரசென்ஸ் அனுப்பிவிட்டுத்தான் போகும். அந்த நொடியே எல்லோருக்கும் சாம்பலாகிவிடும். கேபிளைப் பிடுங்கினால் சர்வருக்கு எந்தத் தகவலும் வராது. டிசிபி இணைப்பு (இரு கணினிக்கும் இடையிலான அடிமட்ட நெட்வொர்க் இணைப்பு) அதன் கணக்கில் உயிரோடுதான் இருக்கிறது. அது செத்துவிட்டது என்று சர்வர் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, மறுமுனையிலிருந்து எதுவும் வராமல் நெடுநேரம் ஆகிவிட்டது என்று ப்ரோசோடியே சந்தேகப்படுவது. நெட்வொர்க் செட்டிங்ஸில் ரீட் டைம்அவுட் என்று ஒரு மதிப்பு இருக்கிறது. டீஃபால்ட் 14 நிமிடம், அதாவது 840 வினாடி. அந்த நேரம் முடிந்ததும் ஸ்மாக்ஸ் மாட்யூல் "வாங்கிக்கொண்டாயா?" என்று ஒரு கேள்வி அனுப்பும். உடனே துண்டிக்காது, பதிலுக்குக் காத்திருக்கும்.

இன்னொன்று, சர்வர் அந்த ஆளுக்கு ஏதாவது அனுப்ப வேண்டிவந்து, அனுப்பியதற்கு டிசிபி மட்டத்தில் ஏற்பு வராமல் போவது. லினக்ஸ் கெர்னல் டீஃபால்ட்டாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். இடைவெளி ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போவதால், கைவிடுவதற்குள் 15 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இந்த இரண்டில் எது நடந்தாலும் அதன் பிறகு ஸ்மாக்ஸின் உறக்க நேரம் தொடங்கும். டீஃபால்ட் 600 வினாடி. "ஆள் நெட்வொர்க் மாறிக்கொண்டிருக்கலாம், திரும்பி வருவார்" என்று சர்வர் அந்த அமர்வைக் கலைக்காமல் வைத்திருக்கும் நேரம் அது. அந்த 10 நிமிடமும் மற்றவர்களுக்கு அவர் பச்சைதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கேபிள் போன உடனே யாராவது அவருக்குச் செய்தி அனுப்பினாலோ, யாருடைய நிலையாவது மாறி அது அவருக்குப் போக வேண்டியிருந்தாலோ, 15 + 10 = 25 நிமிடம். யாருமே அசையாமல் இருந்தால் 14 நிமிடம் மௌனம், பின்பு கேள்விக்குப் பதில் வராமல் இன்னொரு 14 – 15 நிமிடம், பின்பு உறக்கம் 10. கிட்டத்தட்ட 39. நீங்கள் பார்த்த இடைவெளி அப்படியே வந்துவிடுகிறது.

டிசிபி கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) இதைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். லினக்ஸில் அதன் டீஃபால்ட் 7200 வினாடி சும்மா இருந்த பிறகு முதல் சோதனை, அடுத்து 75 வினாடிக்கு ஒன்றாக 9 சோதனை. மொத்தம் 7875 வினாடி, 2 மணி 11 நிமிடம். அப்படியே விட்டால் இங்கே எந்த உதவியும் இல்லை.

என் பரிந்துரை: ரீட் டைம்அவுட்டை 300 வினாடிக்கும், ஸ்மாக்ஸ் உறக்க நேரத்தை 300 வினாடிக்கும் இறக்குங்கள். மோசமான நிலையிலும் 5 + 5 + 5 = 15 நிமிடத்தில் சாம்பலாகிவிடும். இதற்குக் கீழே போக வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். சர்வர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் போனின் ரேடியோவைத் தட்டி எழுப்பும். 60 வினாடி வைத்தால் மாலைக்குள் பேட்டரி பற்றிப் புகார் வரும். உறக்க நேரத்தைக் குறைத்தால், லிஃப்டுக்குள் போய் வந்தவர் பழைய அமர்வைத் தொடராமல் புதிதாக நுழைவார். குழு அறைகளில் போனார், வந்தார் வரிகள் பெருகும். மேம் இயக்கத்தில் இருப்பதால் செய்தி தொலையாது, ஆனால் சத்தம் கூடும். இரண்டு மதிப்பும் சர்வர் முழுமைக்கும் ஒன்றுதான், போனுக்கு ஒன்று மேசைக் கணினிக்கு ஒன்று என்று பிரிக்க முடியாது. அதனால்தான் நடுவில் நிற்கச் சொல்கிறேன்.

இரண்டாவது கோளாறுக்கு என்ஜின்எக்ஸைப் பாருங்கள். வெப்சாக்கெட் இணைப்பில் (பிரவுசர் சர்வரோடு திறந்தே வைத்திருப்பது) பின்னாலுள்ள சர்வரிலிருந்து 60 வினாடி எதுவும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை வெட்டிவிடும். ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டின் டீஃபால்ட் அது. கன்வர்ஸில் பிங் (இருக்கிறேன் என்று அனுப்பும் சிறு செய்தி) இடைவெளியை 50 வினாடி என்று வைத்தாலும் தப்ப முடியாது. குரோம் 88 முதல், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கிடக்கும் டேபில் 5 நிமிடத்துக்குப் பிறகு டைமர்களை நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஓடவிடும். ஆக 50 வினாடி பிங் 60 வினாடியாகிவிடும், என்ஜின்எக்ஸின் 60 வினாடியோடு போட்டி போட்டுத் தோற்கும். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் அரட்டை முகவரிக்கான லொகேஷன் பிளாக்கில் மட்டும் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட், ப்ராக்ஸி சென்ட் டைம்அவுட் இரண்டையும் 900 வினாடி ஆக்குங்கள். மொத்த சர்வருக்கும் ஏற்ற வேண்டாம், மற்ற வெப் பக்கங்களுக்கு அது தேவையில்லை.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. வெட்டுப்பட்ட இணைப்பை ஸ்மாக்ஸ் மூலம் தொடர்ந்திருந்தால் மற்றவர்களுக்கு அது தெரியவே வந்திருக்காது. உங்களுக்குச் சாம்பல் – பச்சை என்று அடித்துக்கொள்வதால், கன்வர்ஸ் பக்கத்தில் ஸ்மாக்ஸ் அணைந்திருக்க வேண்டும். சர்வரில் மாட்யூல் இருந்தால் மட்டும் போதாது, கிளையன்ட்டும் (பயனர் பக்கத்துச் செயலி) கேட்க வேண்டும். கன்வர்ஸின் தொடக்க அமைப்பில் அதை இயக்குங்கள்.

இதனால் வீணாகும் போக்குவரத்தையும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு முறை போய் வந்தால் இரண்டு அறிவிப்பு, ஒவ்வொன்றும் மற்ற 67 பேருக்கு: 134. இருபது பேர் நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 2680. போனும் கணினியும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை. குழு அறைகளின் கணக்கு தனி. சர்வர் தாங்கும், ஆனால் ஒவ்வொரு போனிலும் இது போய் இறங்குகிறது.

---

நள்ளிரவு_நோடு:

மூணாவதும் நாலாவதும் என் பக்கம்.

ராத்திரி 11 மணிப் பச்சை போன்ல இருந்து வருது. கான்வர்சேஷன்ஸ் பின்னணியில் இணைப்பைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், அது அப்படித்தான் இருக்கணும். ஆனா போன் மேசை மேல கிடந்தாலும் "இருக்கிறார்"னுதான் அனுப்பும். எக்ஸ்எம்பிபியில் ஒரே கணக்குக்குப் பல ரிசோர்ஸ் இருக்கலாம்: கஜிம் ஒண்ணு, போன் ஒண்ணு. கஜிம் மஞ்சளாகியிருந்தாலும் (ஆள் அசையலைன்னு அர்த்தம்) போன் பச்சையா இருந்தா, எதிர்ல பார்க்கிற கிளையன்ட் பெரும்பாலும் இரண்டுல "அதிகம் இருக்கிற" நிலையைத்தான் புள்ளியாக் காட்டும்.

கான்வர்சேஷன்ஸ் அமைப்புகள்ல பிரசென்ஸ் பகுதிக்குப் போங்க. "போன் பூட்டியிருக்கும்போது வெளியே" அப்படிங்கிற பொருள்ல ஒரு தேர்வு இருக்கும். அதை எல்லார் போனிலும் போடச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை, நாலு கோளாறுல இதுக்குத்தான் பலன் அதிகம். பக்கத்துலயே "சைலன்ட்ல இருந்தா பிஸி"ன்னு இன்னொண்ணு இருக்கும். அதைக் கட்டாயப்படுத்தாதீங்க, நாள் முழுக்க சைலன்ட்ல வெச்சிருக்கிறவங்க நிறைய, அவங்க எப்பவும் சிவப்பாவே நிப்பாங்க.

ஆண்ட்ராய்டில் இதுக்கு நேர் எதிர்க் கோளாறும் வரும்: ஆள் போனைக் கையில் வெச்சிருக்கார், நமக்குச் சாம்பலாத் தெரியறார். ஆண்ட்ராய்டு 6-லிருந்து டோஸ்னு ஒண்ணு இருக்கு, போன் அசையாமக் கிடந்தா செயலிகளோட நெட்வொர்க்கை அடக்கிடும். பேட்டரி ஆப்டிமைசேஷன் விலக்குப் பட்டியல்ல கான்வர்சேஷன்ஸைச் சேர்க்கணும். சில தயாரிப்பாளர்களோட போன்கள்ல அது தவிர "ஆட்டோஸ்டார்ட்" அனுமதி தனியா இருக்கும், அதையும் கொடுக்கணும். இது ரெண்டுல ஒண்ணு மட்டும் செஞ்சுட்டு "வேலை செய்யலை"ன்னு வர்றவங்கதான் அதிகம்.

ஐபோன்ல யாராவது இருந்தா அவங்களுக்குச் சாம்பல்னா "கிடைக்க மாட்டார்"னு அர்த்தம் இல்லை. செயலி பின்னால போனதும் ஐஓஎஸ் அதை நிறுத்திடும், உறக்க நேரம் முடிஞ்சதும் சாம்பல். புஷ் அறிவிப்புக்கு கிளவுட் நோட்டிஃபை மாட்யூல் போட்டிருந்தா செய்தி போய்ச் சேரும். இதை எல்லாருக்கும் ஒரு வரி எழுதிச் சொல்லிடுங்க, இல்லேன்னா சாம்பலா இருக்கிறவருக்கு யாரும் எழுதவே மாட்டாங்க.

இனி புது ஆட்கள். எக்ஸ்எம்பிபியில் பிரசென்ஸ் பார்க்கிறது ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி அனுமதி. நான் உங்க நிலையைப் பார்க்க நீங்க சம்மதிக்கணும். நீங்க என் நிலையைப் பார்க்க நான் சம்மதிக்கணும். ரெண்டும் முடிஞ்சாத்தான் ரோஸ்டர்ல "போத்"னு பதிவாகும். ஒருத்தர் மட்டும் சம்மதிச்சா "டு" அல்லது "ஃப்ரம்"ல நின்னுடும். நீங்க சொல்ற அறிகுறி அச்சு அசலா அதுதான். 68 பேர்னா 2278 ஜோடி, ஆளுக்கு ஆள் கையால ஒப்புதல் கொடுத்து முடிக்கிற காரியம் இல்லை.

ப்ரோசோடி கூடவே வர்ற குரூப்ஸ் மாட்யூலைப் போடுங்க. ஒரு சாதாரண உரைக் கோப்பு: சதுர அடைப்புக்குள்ள குழுப் பேர், கீழே வரிக்கு ஒருத்தரா முகவரி, சமக்குறி, காட்ட வேண்டிய பேர். கோப்போட பாதையை கான்ஃபிக்ல குரூப்ஸ் ஃபைல்ங்கிற இடத்துல கொடுக்கணும். குழுவில் இருக்கிறவங்க எல்லாருக்கும் மத்தவங்க "போத்" நிலையில தானா ரோஸ்டர்ல வந்துடுவாங்க. ரெண்டு விஷயம் கவனிக்கணும். கோப்பைத் திருத்தினதும் மாட்யூலை ரீலோடு பண்ணணும், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க ஒருமுறை வெளியேறி நுழைஞ்சாத்தான் புதுப் பட்டியல் வரும். இன்னொண்ணு, வேலையை விட்டுப் போனவங்களைக் கோப்புலயிருந்தும் எடுக்கணும், கணக்கையும் நீக்கணும். ஒண்ணை மட்டும் செஞ்சா எப்பவும் சாம்பலா ஒரு பேர் எல்லார் பட்டியல்லயும் தொங்கிக்கிட்டிருக்கும்.

68 பேரையும் ஒரே குழுவாப் போட வேண்டிய அவசியம் இல்லைங்கிறது என் கருத்து. கணக்குப் பிரிவு, ஆதரவுப் பிரிவு, ஓசூர் கிளைன்னு பிரிச்சுப் போட்டா, தினமும் பேசுறவங்க நிலை மட்டும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். ஒருத்தர் ரெண்டு மூணு குழுவில் இருக்கலாம், தப்பில்லை.

---

ஓசூர்_அட்மின்:

ரெண்டு பேருக்கும் நன்றி. என்ஜின்எக்ஸ் மாத்தி, கன்வர்ஸ்ல ஸ்மாக்ஸ் போட்டதும் சாம்பல் – பச்சை ஆட்டம் நின்னுடுச்சு. குரூப்ஸ் கோப்பும் வேலை செய்யுது.

இப்ப வேற ரெண்டு. ஓசூர்ல 15 பேர் நாள் முழுக்க ரிமோட் டெஸ்க்டாப் வழியா கோவை சர்வர்ல வேலை பார்க்கிறவங்க. அவங்க மும்முரமா டைப் பண்ணிக்கிட்டிருக்கும்போதே மஞ்சளாகுது. உபுண்டு போட்ட நாலு கணினி மஞ்சளாகுறதே இல்லை. அப்புறம் பிரவுசர்ல இருக்கிறவங்களும் அப்படித்தான்.

அடுத்தது நிர்வாகத்துலயிருந்து: "யார் எத்தனை மணி நேரம் பச்சையா இருந்தாங்கன்னு வாரா வாரம் ஒரு அறிக்கை எடுக்க முடியுமா?"ன்னு கேட்கிறாங்க.

---

கம்பிவடம்:

ரிமோட் டெஸ்க்டாப் விஷயம் எளிது. விண்டோஸில் கடைசியாக எப்போது விசை அழுத்தப்பட்டது என்பதை கிளையன்ட்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விதம், கேட்கும் செயலி எந்த அமர்வில் ஓடுகிறதோ அந்த அமர்வின் உள்ளீட்டை மட்டும் சொல்லும். கஜிம் கோவை சர்வரின் அமர்வுக்குள் ஓடினால், ரிமோட் சாளரத்தைச் சுருக்கிவிட்டு ஓசூர் கணினியிலேயே எக்செல்லில் தட்டுவது அதற்குத் தெரியாது. கஜிம்மை உள்ளூர்க் கணினியில் போடுங்கள். ரிமோட் சாளரத்துக்குள் தட்டும் விசைகளும் உள்ளூர் விசைப்பலகை வழியாகத்தான் போகின்றன, ஆகவே இரண்டு இடத்து வேலையும் கணக்கில் வரும். உள்ளூரில் போட அனுமதி இல்லை என்றால் அந்த 15 பேருக்குத் தானியங்கி மஞ்சளை அணைத்துவிடுங்கள். வேலை செய்பவரை இல்லை என்று காட்டுவதைவிட அது மேல்.

உபுண்டுவில் எக்ஸ்11 அமர்வா, வேலண்ட் அமர்வா (திரையைக் கையாளும் இரண்டு முறைகள்) என்று பாருங்கள். எக்ஸ்11-ல் எந்தச் செயலியும் சும்மா இருந்த நேரத்தைக் கேட்டுவிடலாம். வேலண்டில் அது டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. க்னோம் டெஸ்க்டாப் ஒரு டி-பஸ் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) வழியைத் தருகிறது. பழைய பதிப்புக் கிளையன்டுக்கு அந்த வழி தெரியாவிட்டால் ஆள் எழுந்து போனதே அதற்குத் தெரியாது. கஜிம்மின் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். சாண்ட்பாக்ஸுக்குள் ஓடும் பொதியாக இருந்தால் அந்த டி-பஸ் அனுமதி கிடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரவுசரில் ஓடும் பக்கத்துக்குத் தன் டேபுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். குரோம் 94-ல் ஐடில் டிடெக்ஷன் என்று ஒரு வசதி வந்தது, குறைந்தபட்சம் 60 வினாடி, பயனர் அனுமதி கேட்கும்; மொசில்லாவும் ஆப்பிளும் தனியுரிமைக் காரணம் சொல்லி அதை ஏற்கவில்லை. கன்வர்ஸின் ஆட்டோ அவே அமைப்பு டீஃபால்ட்டில் பூஜ்யம், அதாவது அணைப்பு. வினாடிக் கணக்கில் மதிப்புக் கொடுத்தால் இயங்கும். ஆனால் அது பார்ப்பது டேபை மட்டும். அரட்டை டேபைத் திறந்து வைத்துவிட்டு வேறு டேபில் வேலை பார்ப்பவர் மஞ்சளாவார். அதனால் அதை 30 நிமிடம், 1800 வினாடி என்று பெரிதாக வையுங்கள். எட்ஜ் பிரவுசரில் தூங்கும் டேப்கள் என்ற வசதியின் விலக்குப் பட்டியலில் அரட்டை முகவரியைச் சேர்க்கவும் மறக்காதீர்கள்.

கஜிம்மில் எத்தனை நிமிடம் என்று கேட்டால் 10. டீம்ஸ் 5 நிமிடத்தில் மஞ்சளாக்குகிறது, மேட்டர்மோஸ்ட் டீஃபால்ட் 300 வினாடி, ஸ்லாக் 10 நிமிடம். ஒரு விலைப்பட்டியலை நிதானமாகப் படிப்பவரும், வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசுபவரும் 5 நிமிடம் எலியைத் தொடாமல் இருப்பது சாதாரணம்.

---

பதிவேடு:

அறிக்கை பற்றி நான் சொல்கிறேன். தொழில்நுட்பமாக எடுத்துத் தர முடியும். சர்வர் பதிவில் உள்நுழைவு, வெளியேற்றம் இருக்கிறது. நிலை மாற்றங்களையும் ஒரு சிறு மாட்யூல் எழுதிப் பதியலாம். ஆனாலும் தயவுசெய்து செய்யாதீர்கள். நிர்வாகத்திடம் சொல்ல உங்களுக்கு உறுதியான காரணங்கள் மேலேயே கிடைத்துவிட்டன.

கேபிள் போனால் 15 நிமிடம் பிழை. போன் பூட்டாமல் கிடந்தால் ஆள் இருப்பதாகப் பிழை. ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்தால் ஆள் இல்லாததாகப் பிழை. பிரவுசரில் இருப்பவருக்கு அளவே கிடையாது. 68 பேருக்கும் ஐந்து வகைக் கருவிகள், ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் தவறும். இதைக் கூட்டி "வாரத்துக்கு 31 மணி நேரம்" என்று ஒருவர் பெயருக்கு நேரே எழுதினால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த உண்மையும் இல்லை. சம்பளத்தையோ மதிப்பீட்டையோ அதன் மேல் வைத்தால் அநியாயம் நடக்கும். வேலை நேரம் வேண்டுமென்றால் வருகைப் பதிவேடு இருக்கிறது, பயோமெட்ரிக் இருக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. பச்சையை எண்ணுகிறார்கள் என்று தெரிந்த நாளிலேயே எல்லோரும் தானியங்கி மஞ்சளை அணைப்பார்கள். எலியை ஆட்டும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யாரும் சிவப்புப் போட மாட்டார்கள், ஏனென்றால் அது "வேலை செய்யவில்லை" என்று எண்ணப்படுமோ என்ற பயம். பிறகு பிரசென்ஸ் எதற்கு இருக்கிறதோ, அதாவது இப்போது இவரைக் கூப்பிடலாமா என்று பக்கத்து ஊரில் இருப்பவர் தெரிந்துகொள்வதற்கு, அது உதவாது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்தது அத்தனையும் போய்விடும்.

நிர்வாகத்துக்கு மாற்றாக ஒன்று கொடுங்கள்: நிலைகளுக்கு அலுவலகம் முழுவதற்கும் ஒரே பொருள். எக்ஸ்எம்பிபியில் "இருக்கிறார்" என்பதற்கு மேல் நான்கு நிலை உண்டு: சாட் (பேசத் தயார்), அவே (சற்று விலகி), எக்ஸ்ஏ (நெடுநேரம் இல்லை), டிஎன்டி (தொந்தரவு வேண்டாம்). இவற்றை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வதால்தான் பாதிக் குழப்பம். நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது. அவே கருவி தானாகப் போடுவது, யாரும் கையால் போட வேண்டாம். அதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம், செய்தி எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். டிஎன்டி கையால் போடுவது. அழைக்கக் கூடாது, செய்தி எழுதலாம், முடிந்ததும் பார்ப்பார். எக்ஸ்ஏ என்றால் இன்று திரும்ப மாட்டார், விடுப்பு அல்லது வெளியூர். அவசரமென்றால் யாரிடம் போக வேண்டும் என்று நிலை வாசகத்தில் பெயர் இருக்க வேண்டும். சாட் என்பதை ஆதரவுப் பிரிவுக்கு ஒதுக்குங்கள்: அடுத்த வாடிக்கையாளரை எடுக்கத் தயாராக இருப்பவர் மட்டும் அதைப் போடட்டும். அவர்களுக்கு இது மிகவும் உதவும், யார் கை காலி என்று அறையில் கேட்க வேண்டியதில்லை.

நிலை வாசகத்தில் எப்போதும் முடியும் நேரம் வேண்டும். எக்ஸ்எம்பிபி பிரசென்ஸுக்குக் காலாவதி கிடையாது. மதியம் போட்ட டிஎன்டி, அவர் மாற்றும் வரை டிஎன்டிதான். "கூட்டம்" என்று மட்டும் இருந்தால் மாலை 5 மணிக்கு அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. "கூட்டம், 3.30 வரை" என்று இருந்தால் 3.45-க்குப் பார்ப்பவருக்கு மாற்ற மறந்துவிட்டார் என்று புரியும். இன்னொன்றும் எல்லோருக்கும் சொல்லுங்கள்: டிஎன்டி போட்டால் சர்வர் எதையும் தடுக்காது. அது ஓர் அறிவிப்பு மட்டும். ஒலியை அடக்குவது அந்தந்தக் கிளையன்ட்டின் வேலை, அதைத் தனியாகப் பார்த்து வைக்க வேண்டும்.

---

புதுவரவு_77:

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு சிக்கல் எதுக்கு, மேட்ரிக்ஸுக்கு (இன்னொரு திறந்த அரட்டை நெறிமுறை) மாறிட்டா பிரசென்ஸ் ஒழுங்காயிடாதா?

---

நள்ளிரவு_நோடு:

பிரசென்ஸுக்காக மட்டும்னா மாற வேண்டாம். மேட்ரிக்ஸோட சினாப்ஸ் சர்வர்ல நிலை மூணுதான்: ஆன்லைன், அனவெயிலபிள், ஆஃப்லைன். டிஎன்டி மாதிரி ஒண்ணு கிடையாது. கிளையன்ட் சிங்க் பண்றது நின்னு 30 வினாடியில் ஆஃப்லைன், 5 நிமிஷம் அசையலைன்னா அனவெயிலபிள். கேபிள் பிடுங்கின சோதனையில் இது ப்ரோசோடியைவிட வேகமாச் சாம்பலாகும், அது உண்மை. ஆனா ஒவ்வொருத்தர் மாற்றமும் அவரோட அறையைப் பகிர்ற எல்லாருக்கும் போகணும், அதனால சர்வருக்குச் சுமை அதிகம். மேட்ரிக்ஸ் டாட் ஆர்க் பொதுச் சர்வரிலேயே சுமை காரணமா பிரசென்ஸை அணைச்சு வெச்சிருந்தாங்க. 68 பேர், வெளிச் சர்வர் தொடர்பு இல்லைன்னா தாங்கும். போன் பச்சை, பிரவுசர் டேப், ரிமோட் டெஸ்க்டாப் இந்த மூணும் அங்கேயும் அப்படியே இருக்கும், ஏன்னா அதெல்லாம் கருவியோட எல்லை.

சேர்ந்து எழுதுற ஆவணங்கள்ல மட்டும் பிரசென்ஸ் நல்லா அமையுது. ஒய்ஜேஎஸ்ங்கிற நிரல் தொகுப்பு மேல கட்டின எடிட்டர்கள்ல யார் கர்சர் எங்கே இருக்குங்கிறது ஆவணத்துல சேராத தனித் தகவல். ஒவ்வொரு கிளையன்டும் 15 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும், 30 வினாடி வரலைன்னா மத்தவங்க திரையிலயிருந்து பேரை எடுத்துடும். ஒரே கோப்பைத் திருத்துற மூணு பேருக்கு அரட்டைப் புள்ளியைவிட அந்தக் கர்சர்தான் உண்மையைச் சொல்லும்.

---

ஓசூர்_அட்மின்:

நிலைகளுக்கான பொருள் பட்டியலை அப்படியே எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பறேன். கடைசியா ஒண்ணு: 300 வினாடி மாத்தினது உண்மையில் எடுபட்டிருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது? கேபிள் பிடுங்கிட்டு கடிகாரம் பார்த்துக்கிட்டு உட்காரணுமா?

---

கம்பிவடம்:

கேபிளைவிட ஃபயர்வால் விதி வசதி. சோதனைக் கணினியின் ஐபிக்கு மட்டும் சர்வரில் கிளையன்ட்கள் நுழையும் 5222 போர்ட்டை டிராப் (பதிலே சொல்லாமல் தூக்கிப்போடுவது) செய்யுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், ரிஜெக்ட் மறுப்புப் பதிலை அனுப்பிவிடும், அது கிளையன்டுக்கு உடனே தெரிந்துவிடலாம், நீங்கள் சோதிக்க விரும்பும் மௌனம் உண்டாகாது. உள்ளே வருவது, வெளியே போவது இரண்டு திசையும் டிராப் ஆக வேண்டும். ஒரு திசையை மட்டும் அடைத்தால் பாதி ஏற்புகள் போய்க்கொண்டிருக்கும், நேரக் கணக்கு குழம்பும்.

இன்னொரு கணினியில் கஜிம்மைத் திறந்து எக்ஸ்எம்எல் கன்சோலை இயக்கி வையுங்கள். வரும் ஒவ்வொரு பிரசென்ஸும் அதில் அப்படியே ஓடும். ஷோ என்ற உறுப்பு இல்லாமல் வந்தால் "இருக்கிறார்". ஷோவுக்குள் அவே, டிஎன்டி என்று இருந்தால் அந்த நிலை. டைப் என்ற இடத்தில் அனவெயிலபிள் என்று வந்தால் அதுதான் நீங்கள் காத்திருக்கும் வரி. அதே வரியில் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ரிசோர்ஸ் பெயர் இருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். கஜிம் ரிசோர்ஸ் போய்விட்டது, போன் ரிசோர்ஸ் இன்னும் இருக்கிறது என்றால் புள்ளி பச்சையாகத்தான் இருக்கும், சர்வர் சரியாகவே வேலை செய்திருக்கும்.

விதியைப் போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கன்சோலை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். 10 நிமிடம் முதல் 15 நிமிடத்துக்குள் அந்த வரி வர வேண்டும். 20-க்கு மேல் போனால் இரண்டு மதிப்பில் ஒன்று எடுபடவில்லை. பெரும்பாலும் ரீட் டைம்அவுட்டை நெட்வொர்க் செட்டிங்ஸ் பிளாக்குக்கு வெளியே எழுதியிருப்பீர்கள், அல்லது ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டுக்குக் (ஒரு டொமைனுக்கான பகுதி) கீழே எழுதியிருப்பீர்கள். அது கான்ஃபிக் கோப்பின் மேற்பகுதியில், முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட் வரிக்கு முன்பு இருக்க வேண்டும். மாற்றியபின் முழு ரீஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள், 68 பேரும் ஒரே நேரத்தில் திரும்ப நுழைவார்கள் என்பதால் மதிய இடைவேளையில் செய்யுங்கள்.

அடுத்த சோதனை திரும்பி வருவதற்கு: விதியைப் போட்டு 3 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கன்சோலில் அனவெயிலபிள் வரியே வரக் கூடாது. வந்தால் அந்தக் கிளையன்ட் அமர்வைத் தொடரவில்லை, புதிதாக நுழைந்திருக்கிறது என்று பொருள். அதன் ஸ்மாக்ஸ் அமைப்பைப் பாருங்கள்.